கல்கத்தாச் சீட்டின் ஓரத்தில் ஒரு வெட்டு

கந்தசாமிக்கு,

உன் அப்பன் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் அக்கா வீட்டு மச்சானுக்கு நீ எழுதிய இன்லண்ட் லெட்டரை அவர் போன வியாழக்கிழமை என்னிடம் கொண்டுவந்து, கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் நீட்டினார். மல்லிகாவைக் காலேஜுக்கு அனுப்புவது வீண் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைக்கு அதன் அம்மா மண்டைதான் வாய்த்திருக்கிறது, அக்காவுக்கு ஞாபகசக்தி கிடையாது என்பது அப்பா வைத்த சீட்டாட்டத்திலேயே தெரிந்துபோன விஷயம், தாராபுரத்தில் நல்ல இடம் ஒன்று பார்த்திருக்கிறேன், தாய்மாமன் என்கிற முறையில் சொல்கிறேன், இப்படிப் போகிறது உன் கடிதம். மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன் மேல் எரிச்சல் வந்தது. மூன்றாம் தடவை படித்தபோது என் மேலேயே அருவருப்பு வந்தது. உன் மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? "கந்தசாமி மச்சான் சொன்னா செரியாத்தானுங்க மாமா இருக்கும். கல்கத்தாவுல இருக்கறவருங்க, நாலும் தெரிஞ்சவரு." நல்ல மனுஷர்தான். சொந்தமாக ஒரு யோசனை வந்தால் அதையும் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் யோசிப்பார். அதனால் என் பேத்தி படிப்பதும் படிக்காததும் இப்போது உன் ஒரு வரியில் தொங்குகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வரி எழுதுகிறேன்.

கல்கத்தாவில் இருக்கிற நூல் வியாபாரிகளிடம், "நான் சின்ன வயதிலேயே இந்த ஊரை மனப்பாடம் செய்தவன்" என்று நீ பெருமையடிப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் அப்பா கல்கத்தாவில் வியாபாரம் பண்ணியவர், ஊரிலுள்ள முக்கியமான இடங்களையெல்லாம் சீட்டாகச் செய்து எங்களுக்கு விளையாடக் கொடுத்தார், என்னை ஒருத்தரும் ஜெயித்ததில்லை என்கிறாயாம். முதலில் இதைத் தெரிந்துகொள். உன் அப்பன் ஈரோடு ஜங்ஷனைத் தாண்டி ஒரு நாளும் கிழக்கே போனதில்லை. திருப்பூர் மண்ணரையில் நாலு மிஷினைப் போட்டுப் பின்னிய பனியனைக் 'கல்கத்தா பனியன்' என்று விற்றவன் நான். அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் திருப்பூர்ப் பனியனைக் கையில் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். அதே பனியனை ஹௌரா பாலம் அச்சடித்த பெட்டியில் வைத்துக் கொடுத்தால் தடவிப் பார்த்து, "கல்கத்தாச் சரக்குன்னா கல்கத்தாச் சரக்குதானுங்க" என்பார்கள். அவர்களை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ அவ்வளவு பணிவாகக் கும்பிட்டு விற்றேன். லேபிளில் பொய்யாக ஒரு எழுத்துக்கூட இல்லை, வெறும் படம்தான் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சாமர்த்தியம் பார்!

பெட்டியின் மூடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று ஒவ்வொரு படமும் இரண்டிரண்டாகத்தான் அச்சாகி வரும். பாலம், விக்டோரியா மண்டபம், காளி கோயில், உயரத் தூண், ஐகோர்ட்டு, மியூசியம், டிராம் வண்டி நிற்கிற சதுக்கம் என்று மொத்தம் பன்னிரண்டு படம். மிச்சமான லேபிள்களைப் பழைய பெட்டி அட்டையில் மைதாப் பசை போட்டு ஒட்டி இருபத்து நாலு சீட்டு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மிஷின்கள் ஓடாது. துணி வெட்டுகிற மேசையைத் துடைத்துவிட்டு, சீட்டுகளைக் கலைத்துக் கவிழ்த்துப் பரப்புவோம். ஒருவர் இரண்டைத் திருப்ப வேண்டும். இரண்டும் ஒரே படம் என்றால் அந்த ஜோடி அவருக்கு, இன்னொரு தடவையும் திருப்பலாம். வேறு வேறு படம் என்றால் இருந்த இடத்திலேயே கவிழ்த்துவிட வேண்டும். ஒவ்வொரு படம் வரும்போதும் நான் பக்கத்திலிருந்து அளப்பேன். தூணின் உச்சிக்குத் தினமும் ஒரு துரை ஏறிப் பல் விளக்குவார் என்றேன். பாலத்தின் நடுவில் இட்லிக்கடை இருக்கிறது, நான் சாப்பிட்டிருக்கிறேன் என்றேன். நீ வாயைப் பிளந்து கேட்பாய். உன் அக்கா தெய்வானை மட்டும், "சட்னி என்னதுங்கப்பா?" என்று கேட்டாள். தேங்காய் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பிலேயே, இந்தப் பெண்ணை ஏமாற்ற முடியாது என்று நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அவள் ஆடுவதைப் பார்த்திருக்கிறாயே! ஒரு தடவை திறந்த சீட்டு அவளுக்குத் திறந்ததுதான். நடுவில் எழுந்துபோய் உன் அம்மாவுக்கு உப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, உட்காராமலேயே குனிந்து இரண்டைத் திருப்புவாள். இரண்டும் காளி கோயிலாக இருக்கும். நீ தோற்றால் சீட்டையெல்லாம் தள்ளிவிட்டு எழுந்து போவாய். "தம்பி அழுவறான், இந்த ஆட்டத்த அவனுக்கே குடுத்துருலாமுங்க" என்று அவளே சொல்வாள். கொடுப்போம். நீ ஒருத்தரிடமும் தோற்றதில்லை என்று இன்று நம்புகிறாய் என்றால், உனக்குக் கொடுத்ததையெல்லாம் ஜெயித்ததாகக் கணக்கு வைத்திருக்கிறாய் என்று அர்த்தம்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் முதல். அவளுடைய டீச்சர் வீடு தேடி வந்து, கோயமுத்தூரில் காலேஜில் சேர்த்துவிடுங்கள், ஹாஸ்டலுக்கு நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா அன்றைக்கு என்னை விடவில்லை. "ஏனுங்க, இந்தப் புள்ளைய அனுப்பித்தான் ஆகோணும். அதுக்கு இருக்கற புத்திய அடுப்புல போட்டு எரிக்கச் சொல்றீங்களா?" என்றாள். எனக்கு அனுப்ப இஷ்டமில்லை. காரணம் கேட்டால் இன்றுவரைக்கும் உருப்படியாக ஒன்று கிடையாது. பெண்ணை ஹாஸ்டலில் விட்டால் நம் ஆட்கள் என்ன பேசுவார்களோ என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. நீ இரண்டு வகுப்பு பின்னால் இருந்தாய், அந்த வருஷம் கணக்கில் பதினொரு மார்க். அக்கா காலேஜ் போய், தம்பி பத்தாவதிலேயே உட்கார்ந்துவிட்டால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது? முடியாது என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட நான் ஒரு ஆண்பிள்ளை. அந்தத் தைரியமும் இல்லாமல் ஒரு நாடகம் போட்டேன். "ஒருத்தரத்தான் காலேஜுக்கு அனுப்ப முடியும். யாருக்கு ஞாபகசக்தி சாஸ்தியோ அவங்க போகட்டும். ஞாயித்துக்கிழமை ஒரே ஆட்டம், கல்கத்தாச் சீட்டுலயே பாத்துருவோம்" என்றேன். உன் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தெய்வானைதான் ஜெயிப்பாள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் சனிக்கிழமை கத்திரியை எடுத்தேன்.

கைவைத்த பனியனுக்கு உடலையும் கையையும் தனித்தனியாக வெட்டி அடுக்குவோம் என்பது உனக்கு மறந்திருக்கும். நீ மேசைப்பக்கம் வந்தால்தானே. எந்தக் கை எந்த அளவு உடலுக்குச் சேரும் என்று தைக்கிறவர்களுக்குத் தெரிவதற்காக, துணியின் ஓரத்தில் கத்திரியால் நகக்கண் அளவுக்கு வெட்டுப் போடுவோம். ஒரு வெட்டு என்றால் ஒரு அளவு, இரண்டு என்றால் அடுத்தது. அதே வெட்டைச் சீட்டுகளின் ஓரத்தில் போட்டேன். ஆறு ஜோடிக்குப் போட்டேன்: மூன்றுக்குக் குட்டை ஓரத்தில், மூன்றுக்கு நெட்டை ஓரத்தில். பன்னிரண்டுக்கும் போட்டால் உன் அம்மாவுக்கே தெரிந்துவிடும் என்று எனக்கு அவ்வளவு ஜாக்கிரதை. அப்புறம் உன்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் எல்லாவற்றையும் அள்ளாதே, முறைக்கு ஒன்றாக எடு, நடுவில் இரண்டு தடவை தப்பாகத் திருப்பு என்றேன். கந்தசாமி, பதினாலு வயது உனக்கு. ஏனுங்கப்பா இப்படி என்று ஒரு வார்த்தை கேட்பாய் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் வெட்கப்பட்டாவது விட்டிருப்பேனோ என்னவோ. நீ கேட்டது இதுதான்: "மூணு வெட்டு இருந்தா டிராம், ரெண்டு இருந்தா பாலம், செரிங்களா?" அது குட்டை ஓரத்துக் கணக்கு. நெட்டை ஓரத்தை நான் இன்னும் நாலு தடவை சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆறு வெட்டை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு முழு சாயங்காலம் எடுத்துக்கொண்டவன், இன்று அக்காவின் மண்டையைப் பற்றி இன்லண்ட் லெட்டர் எழுதுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தோம். அன்றைக்கு அவள் ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாவாடை தாவணியில் வந்து உட்கார்ந்தாள். பரீட்சைக்கு வந்தவளைப் போலவே இருந்தாள். முதல் சீட்டை எடுக்கப் போன கை ஒரு நிமிஷம் நின்றது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஆடினாள். நீ உள்ளங்கை வியர்க்க வியர்க்க வெட்டைத் தேடித் தேடி எடுத்தாய். பார்க்கவே கேவலமாக இருந்தது. நான் செய்து வைத்த வேலை என்பதால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஐந்து ஜோடி ஆயிற்று. மேசையில் நாலே சீட்டு: டிராம் இரண்டு, மியூசியம் இரண்டு. முறை அவளுடையது. ஒன்றைத் திருப்பினாள், மியூசியம். இன்னொரு மியூசியத்தை அவளே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திறந்து பார்த்திருந்தாள். அதை எடுத்தால் மிச்சமிருக்கிற டிராமும் அவளுக்குத்தான், ஆட்டமும் முடிந்தது. கை அந்தச் சீட்டின் மேலேயே போயிற்று. போன கையை நிறுத்திக்கொண்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பக்கத்துச் சீட்டைத் திருப்பினாள். டிராம் வந்தது. மறந்துவிட்டாள் என்று எனக்குள் மூச்சு வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நீ வெட்டைப் பார்த்து டிராமைச் சேர்த்தாய். மிச்சமிருந்த இரண்டும் மியூசியம், அதை எடுக்கக் கை இருந்தால் போதும். ஏழு ஜோடி உனக்கு. ஆறு என் கத்திரி, ஏழாவது மிச்சம். "தம்பிதாங்கப்பா ஜெயிச்சான்" என்று சொல்லி, சீட்டுகளை அடுக்கிப் பெட்டியில் போட்டவள் அவள்தான். உன் அம்மா அடுப்படியை விட்டு அன்று முழுக்க வெளியே வரவில்லை.

அதற்கு மேல் நடந்தது உனக்கே தெரியும். நீ காலேஜில் சேர்ந்து, புகுமுக வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டி, எப்படியோ ஒரு பட்டம் வாங்கிக் கல்கத்தா போனாய். பாலம் தெரிகிற வீடு பிடித்திருப்பதாக எழுதினாய். அவளுக்கு அடுத்த தை மாதமே கல்யாணம் செய்தேன். நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து உன் அம்மா ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கிக் காய்ச்சி உனக்கு டப்பா டப்பாவாக அனுப்புகிறாள். அதைச் சாப்பிட்டுவிட்டு நீ யோசித்த யோசனைதான் தாராபுரத்து மாப்பிள்ளை.

உன் கடிதம் வந்த மறுநாள் மல்லிகா வந்தாள். "அப்புச்சி, மாமா வேண்டாம்னு எழுதியிருக்கறாருங்களாமா? அப்பா விண்ணப்பத்துல கையெழுத்துப் போட மாட்டீங்கறாருங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேற்றிவிட்டுப் போயிருப்பேன். அவள் அம்மாவைப் போலவே நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்னொரு தடவை பொய் சொல்ல எனக்கு வயதில்லை. அன்று சாயங்காலமே தெய்வானையிடம் போனேன். இப்போதும் அவள் உன் மச்சானுடைய கம்பெனியில் வெட்டு மேசையில்தான் நிற்கிறாள். கையையும் உடலையும் ஜோடி சேர்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் ஓரத்தைத் தடவும், வெட்டு எத்தனை என்று அதற்கே தெரியும், கண் வேறெங்கோ இருக்கும். நான் நின்று பார்த்தேன். அப்போதுதான், கந்தசாமி, இந்த மகா புத்திசாலி அப்பனுக்கு உறைத்தது. பத்து வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நம் மேசையில் அந்த வெட்டைப் பார்த்து ஜோடி சேர்த்தவள் அவள். ஊரில் வேறு எந்தக் குறியையும் நான் வைத்திருக்கலாம். அவளை ஏமாற்ற அவளுடைய வெட்டையே வைத்திருக்கிறேன்.

"தெய்வா, அன்னைக்குச் சீட்டுல..." என்று ஆரம்பித்தேன். அவள் கட்டுப் போடுவதை நிறுத்தவில்லை. "வெட்டுப் போட்டிருந்தீங்க. தெரியுமுங்கப்பா. மொதல் சீட்ட எடுக்கப் போறப்பவே பாத்துட்டேனுங்க. நான் எடுத்த அஞ்சு ஜோடியையும் எடுத்துப் பாருங்க, ஒண்ணுலயும் வெட்டு இருக்காது. வெட்டு வெச்ச சீட்ட நான் தொடவே இல்லீங்க, கடைசி டிராமத் தவுத்து" என்றாள். பொய்யில்லை. நம் வீட்டுப் பரணில் இருந்த பெட்டியை வந்ததும் இறக்கிப் பார்த்தேன். வெட்டில்லாத ஜோடி ஆறு. ஐந்தை அவள் எடுத்தாள், ஆறாவது அந்த மியூசியம்.

"அப்பறம் ஏன் கண்ணு கடைசியில அதைத் திருப்புன?" என்று கேட்டேன். அப்போதுதான் அவள் கை நின்றது. "உங்க மொகத்தப் பாத்தேனுங்கப்பா. நான் ஜெயிச்சாலும் நீங்க அனுப்ப மாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. தோத்துப்போயி ஊட்ல இருந்தா, தோத்துட்டோம்னு இருந்துக்கலாம். ஜெயிச்சுப்போட்டு ஊட்ல இருக்க என்னால ஆகாதுங்க." இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பதினாறு வயதில் யோசித்து முடித்துவிட்ட ஒன்றை, கேட்டதற்காகச் சொன்னாள். பிறகு அவளே கேட்டாள்: "இப்பச் சொல்லுங்க. ஜெயிச்சிருந்தா அனுப்பியிருப்பீங்களா?"

அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, உன் மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், அவர் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்கப்பா. தம்பிக்கு அவுரு கிட்ட மரியாத போயிரும். தம்பி மனசு மாறி அவனே எழுதட்டும்." கேட்டுக்கொண்டாயா? பத்தொன்பது வருஷம் கழித்தும் உன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் சீட்டைத் திருப்புகிறாள். நீ அவளுக்கு மண்டை இல்லை என்கிறாய். அவளிடம் இல்லாதது நம் இரண்டு பேருக்கும் இருக்கிற தடித்த தோல் மட்டும்தான்.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் கிணற்றடியில் சொல்லிக் கொடுத்ததுதான், அதை நீ இன்னும் மறக்காமல் இருக்கிறாய். அதனால் வேலையை மட்டும் சொல்கிறேன். விண்ணப்பம் போட இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஐந்தாறு நாள் ஆகும். வந்த அன்றைக்கே உன் மச்சானுக்கு ஒரு தந்தி கொடு. மல்லிகாவைக் காலேஜில் சேர்க்கவும், அவ்வளவு போதும். மன்னிப்பு, விளக்கம் எல்லாம் சேர்த்து உன் பெருந்தன்மையைக் காட்டாதே. தாராபுரத்துக்காரர்களுக்கும் நீயே எழுதிவிடு. தாய்மாமன் என்கிற முறையில் உனக்கு இதுவரை கிடைத்த மரியாதைக்கு இந்த ஒன்றையாவது செய்.

இதோடு டிராம் சீட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். ஓரத்தைத் தடவிப் பார், மூன்று வெட்டு இருக்கும். அதன் ஜோடி என்னிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கும் ஒரு ஜோடி இருக்கிறது. கார்பன் தாள் வைத்துத்தான் எழுதினேன். தெய்வானை கேட்டுக்கொண்டதற்காக அதை உன் மச்சானிடம் காட்டாமல், நம் வெட்டு மேசையின் டிராயரில் கவிழ்த்து வைக்கிறேன். பதினேழாம் நாள் வரைக்கும் தந்தி வரவில்லை என்றால், உன் அம்மா, உன் மச்சான், மல்லிகா எல்லோரையும் உட்கார வைத்து, நானே அதைத் திருப்புவேன். என் மானமும் சேர்ந்து போகும். போகட்டும், தெய்வானையின் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்திக்கொள்ள மாட்டேன்.

உன் அப்பன்.